மண்டோர் மூக்கு

போன மாசம் எங்க சின்ன முதலாளி (பெரியவர் போனதுக்கப்புறம் அவர்தான் முதலாளி, ஆனா எங்க வாய்க்கு இன்னும் சின்ன முதலாளிதான்) ஆபிஸ் சுவத்துல ஒரு வெள்ளைப் பலகைய மாட்டி ரெண்டு வட்டம் போட்டாரு. உள் வட்டத்துல ஆளுங்க, பணம், லாரி, ஸ்டோர், கம்பெனி பழக்கம். வெளி வட்டத்துல அரசாங்கம், டாலர், போட்டிக்காரன், மழை, வாடிக்கையாளர். நான் முப்பது வயசுல சாயங்கால கிளாஸ் போயி டிப்ளோமா படிச்சப்ப அகச்சூழல் புறச்சூழல்னு எழுதி பாஸ் பண்ணின அதே வட்டம்தான். அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோடு எங்க இருக்குன்னு மட்டும், இந்த வெங்காயக் கம்பெனியில இத்தனை வருஷமா கிராணியா, அதாவது கணக்கு எழுதுற குமாஸ்தாவா, குப்ப கொட்டியும் எனக்குப் பிடிபடல.

எங்களோடது மலேசியாவுல பினாங்கு லிட்டில் இந்தியால, மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துல இருக்குற பழைய கடை. வெங்காயம், காஞ்ச மிளகா, பருப்பு இறக்குமதி பண்ணி மொத்தமா விக்கிறது. நாசி கண்டார் கடை, மாமாக் கடை (ரெண்டும் இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), வாழையிலை சாப்பாட்டுக் கடை, அப்புறம் சுங்கை பட்டாணி தைப்பிங் வரைக்கும் மளிகைக் கடைங்க. நான் 1998-ல சேர்ந்தேன். அந்த வருஷம் ஜனவரில ஒரு டாலர் 4.80 ரிங்கிட்டயும் தாண்டிப் போயி எல்லாருக்கும் வயித்தக் கலக்கிட்டு இருந்துச்சு, செப்டம்பர் 2-ஆம் தேதி அரசாங்கம் ரிங்கிட்ட 3.80-க்கு கட்டிப் போட்டுச்சு. பெரிய முதலாளிக்கு அன்னிக்கு வந்த சந்தோஷம் இருக்கே. கால்குலேட்டரத் தூக்கி டிராயர்ல போட்டுட்டாரு. டாலர் விலைய நாலால பெருக்கு, நூத்துக்கு அஞ்சு கழி, முடிஞ்சுபோச்சு. கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள கிலோ விலை சொல்லிடுவாரு.

2005 ஜூலைல அந்தக் கட்ட அவுத்து விட்டாங்க. முதலாளி மண்டைக்குள்ள மட்டும் அவுக்கல. டாலர் 3.20 பக்கம் வந்தப்பகூட அவரு நாலால பெருக்கி அஞ்சு கழிச்சிட்டு இருந்தாரு, அதனால எங்க விலை ஊர் விலைய விட ஒசந்து நிக்க ஆரம்பிச்சுது. பேங்க் பேப்பர் எல்லாம் என் மேசை வழியாதான் போகும், எனக்குத் தெரியும், ஆனா முதலாளி கணக்குல தப்புன்னு ஒரு கிராணி எப்படி வாயத் திறக்குறது. கடைசில சொன்னது எங்க லாரி டிரைவர். "மொதலாளி, பாகான்ல இருக்குற கடைக்காரன் என்ன பாத்து சிரிக்கிறான், உங்க வெங்காயத்துக்குள்ள தங்கமா வச்சிருக்கீங்கன்னு கேக்குறான்"னு ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போதே போட்டு ஒடச்சுட்டாரு. முதலாளி ஒண்ணும் சொல்லல, மறுநாள் காலைல டிராயர்லருந்து கால்குலேட்டர் வெளிய வந்துச்சு. எனக்கு கொஞ்சம் வெக்கமாதான் இருந்துச்சு.

இதுக்கு முந்தியே இன்னொண்ணு நடந்துச்சு, அப்ப அத யாரும் பெருசா எடுத்துக்கல. 2000 ஜனவரி 1-லருந்து பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இல்லாம போச்சு. ஜார்ஜ் டவுன்ல அந்தக் கால கடைவீடு எல்லாம் அந்தச் சட்டத்த நம்பித்தான் மலிவு வாடகைல ஓடிட்டு இருந்துச்சு. வாடகை ஏறினதும் எங்க வரிசைல மாவு மில்லு போச்சு, தையக்கடை போச்சு, நாங்க முன்பக்கக் கடையையும் மாடி ஆபிஸையும் மட்டும் வச்சுக்கிட்டு ஸ்டோர கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற பிறைக்கு மாத்திட்டோம். லாரிக்கு வசதி, கண்டெய்னர் இறங்குற பட்டர்வொர்த் போர்ட்டும் பக்கம், நல்ல முடிவுதான். ஆனா அதுவரைக்கும் கீழ வெங்காயம் மேல ஆபிஸ், ஒரு மூட்டை அழுகினா மாடிப்படி வழியா வாசனை ஏறி வந்து கணக்குப் புத்தகத்து மேல உக்காந்துக்கும். அதுக்கப்புறம் நடுவுல கடல் வந்துடுச்சு. (2008-ல யுனெஸ்கோ பட்டம் வந்தப்புறம் ஏரியாவே மாறிப்போயி இப்ப பக்கத்துக் கடைல ஒரு கோப்பி பன்னெண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட், அத வேற ஒரு நாள் பொலம்பிக்கிறேன்.)

பெரியவரு அந்தக் கடல ஒரு பொருட்டா நெனைக்கல. தெனம் காலைல மோட்டார்சைக்கிள தள்ளிக்கிட்டு ஃபெரி ஏறிடுவாரு, ஏழு மணிக்கு பிறை ஸ்டோர்ல ஒரு பருப்பு மூட்டை மேல உக்காந்து ஆளுங்களோட கோப்பி ஓ குடிப்பாரு. கூட்டம், ரிப்போர்ட், ஒண்ணும் கிடையாது, யாரு பொண்டாட்டி புள்ள பெத்தா, யாரு கடைல வியாபாரம் விழுந்துருக்கு, எந்த ரெஸ்டாரண்ட்டு ரெண்டு மாசமா காசு இழுக்குது, எல்லாம் அந்த மூட்டை மேலதான்.

எங்க மண்டோர் அண்ணன பத்தி சொல்லணும், ஸ்டோர்ல சரக்கு எறக்குற ஆளுங்களுக்கு மேஸ்திரி. கண்டெய்னர் கதவத் திறந்ததும் அவரு உள்ள ஏற மாட்டாரு, வாசல்ல நின்னு மூக்க உறிஞ்சுவாரு. "நடுவுல ஒரு இருவது மூட்ட போயிருக்கு, இடது பக்கம் மொதல்ல எறக்குங்கடா"ன்னுவாரு. எறக்கிப் பாத்தா பதினெட்டோ இருவத்திரெண்டோ இருக்கும். வெங்காயத்தக் கையில எடுத்தா கழுத்தத்தான் மொதல்ல அமுக்கிப் பாப்பாரு. கழுத்து காயாம மூட்டை கட்டின சரக்கு கப்பல் சூட்டுல உள்ளுக்குள்ளயே அழுக ஆரம்பிச்சுடும், வெளித்தோல் பளபளன்னு மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும், அதனால போட்டோவ பாத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

2019 செப்டம்பர் ஆரம்பத்துலயே அவரு, "மொதலாளி, வர்ற சரக்கு சிறுசா இருக்கு, ஈரமா இருக்கு, அங்க மழை விடலபோல, தீபாவளிக்கு கஷ்டம்"னு சொன்னாரு. மகாராஷ்டிரா, கர்நாடகா பக்கம் அந்த வருஷம் மழை கொட்டி பயிர் போனது பிற்பாடுதான் நாங்க பேப்பர்ல படிச்சோம். பெரியவரு அவரு பேச்ச நம்பி வழக்கத்துக்கு மேல ரெண்டு கண்டெய்னர் கூட போடச் சொன்னாரு, அதுவும் கப்பல் ஏறிடுச்சு. செப்டம்பர் 29, ஞாயித்துக்கிழமை, நாசிக்லருந்து சப்ளையர் வாட்சாப் அனுப்புறான், இந்தியா வெங்காய ஏற்றுமதிய மொத்தமா நிறுத்திடுச்சு. தீபாவளி அடுத்த மாசம் 27. ஊரே அலறுது, எங்களுக்கு சரக்கு வந்துட்டு இருக்கு. நாடாளுற அரசாங்கம் போட்ட தடைய ஒரு மண்டோர் மூணு வாரத்துக்கு முந்தியே மோந்துட்டாருன்னு நாங்க ரொம்ப நாள் பெருமையா பேசிட்டுத் திரிஞ்சோம்.

ஜிஎஸ்டி பத்தி எல்லாம் சுருக்கமா முடிச்சிடுறேன். 2015 ஏப்ரல்ல வந்துச்சு, 2018 ஜூன்ல பூஜ்யமாச்சு, நடுவுல மூணு வருஷம் எனக்கு முடி கொட்டுச்சு. வெங்காயத்துக்கு வரி பூஜ்யம்னாலும் கணக்கு காட்டித்தானே ஆகணும். சின்ன முதலாளி அப்பதான் படிப்ப முடிச்சிட்டு வந்து சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாரு, அவரு இல்லன்னா நான் அன்னிக்கே வேலைய விட்டுருப்பேன்.

அவரு புத்திசாலி, அத சொல்லியே ஆகணும். 2020 மார்ச் 18 எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) வந்தப்ப எங்க பெரிய வாடிக்கையாளர் எல்லாம் படுத்துட்டாங்க. கடைல உக்காந்து சாப்பிடக்கூடாது, பொட்டலம் மட்டும்தான், கல்யாணம் காதுகுத்து ஒண்ணும் கிடையாது. ஸ்டோர் நெறைய பெரிய மூட்ட. பெரியவரு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. மகன்தான் ஒரு கிலோ, ரெண்டு கிலோ வலைப்பைய எங்கயோ தேடிப் பிடிச்சு, ஆளுங்கள ரெண்டு ஷிப்டா பிரிச்சு, வீட்டுல சமைக்கிறவங்களுக்கு மளிகைக் கடை வழியா தள்ளிவிட்டாரு. மொத்த வியாபாரி சில்லறைப் பை கட்டுறதான்னு பெரியவரு மொனகினாரு, ஆனா அந்த வருஷம் எங்கள்ல ஒருத்தர் சம்பளமும் நிக்கல. பெரியவரு 2021-ல தவறிட்டாரு. ஏழு மணி கோப்பியும் அவரோட போச்சு. சின்னவரு ஸ்டோருக்கு மாசம் ஒரு தடவை வருவாரு, மத்தபடி கேமரா, கம்ப்யூட்டர், வாட்சாப் குரூப். குரூப்ல எல்லாரும் ஓகே போஸ்னு கட்டைவிரல் போடுவாங்க.

2022 மே 1-லருந்து குறைஞ்சபட்ச சம்பளம் 1,500 வெள்ளி. அதுக்கு முந்தி எங்க ஏரியால 1,200. ஏழைபாழைங்களுக்கு நல்ல சட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சம்பள ஷீட்ட அடிக்கிறது நான். புதுசா வந்த பையனுங்க எல்லாருக்கும் 1,200-அ அழிச்சு 1,500 போட்டேன். மண்டோர் அண்ணன் வரி வந்துச்சு, 1,650. அத தொடச் சொல்லி யாரும் சொல்லல, சட்டமும் சொல்லல. நேத்து வரைக்கும் அவருக்கும் புதுப் பையனுக்கும் நடுவுல 450 வெள்ளி இருந்துச்சு, என் விரல் எண்டர் பட்டனத் தட்டினதும் 150 ஆயிடுச்சு. எனக்கு அது கண்ணுல பட்டுச்சு. மேல போயி சொல்லலாம்னு நெனச்சேன், ஆனா என் இன்க்ரிமெண்டும் அந்த மாசம்தான் பேச வேண்டியிருந்துச்சு, ரெண்டையும் ஒண்ணா தூக்கிட்டுப் போனா ரெண்டும் கெட்டுடும்னு வாய மூடிக்கிட்டேன். மண்டோரு சண்டைக்கு வரல. கண்டெய்னர் வாசல்ல நிக்கிறத மட்டும் நிறுத்திட்டாரு. நேரா டெலிவரி பேப்பர்ல கையெழுத்து, எண்ணிக்கை சரி, எறக்கு.

2023-ல இந்தியா மறுபடி ஆரம்பிச்சுது. ஆகஸ்ட்ல 40 சதவீத ஏற்றுமதி வரி, அக்டோபர் கடைசில டன்னுக்கு 800 டாலருக்குக் கீழ விக்கக்கூடாதுன்னு, டிசம்பர் 8 மொத்தத் தடை. இந்தத் தடவை யாரு மூக்கும் தேவப்படல, சின்ன முதலாளி ஃபோன்லயே எல்லாத்தையும் உடனுக்குடன் பாத்துட்டாரு, தடை வந்த வாரமே வேற நாட்டுச் சரக்குக்கு பணம் கட்டிட்டாரு. வெளி வட்டத்துல அவரு நூத்துக்கு நூறு. மொத கண்டெய்னர் வந்து இறங்குச்சு, கையெழுத்துப் போட்டு உள்ள அடுக்குனாங்க. அதே சரக்கு நல்லாத்தான் இருக்குன்னு அடுத்த மூணுக்கும் பணம் போச்சு. ஒன்பதாம் நாளு ஒரு நாசி கண்டார் கடைக்காரர் போன்ல கத்துறாரு, மூட்டைக்குள்ள தண்ணியா ஓடுதுன்னு. ஸ்டோருக்கு ஓடிப் பாத்தா வாசல்லயே வாந்தி வருது.

நான் மண்டோர் அண்ணன பின்பக்கமா கூட்டிட்டுப் போயி, "அண்ணே, உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"ன்னு கேட்டேன்.

"கதவு தெறந்தப்பவே தெரியும் தம்பி."

"ஏன்ணே சொல்லல?"

"சரக்கு எறக்குறதுக்கு ஆயிரத்து ஐநூறு. மண்டோருக்கு நூத்தம்பது. அதுல மூக்குக்கு எவ்வளவுன்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லு, நீதான கிராணி."

அந்த நஷ்டத்த நான் இங்க எழுத முடியாது, கம்பெனி கணக்கு. புத்தகத்துல அது கெட்டுப்போன சரக்குன்னு ஒரு வரில ஏறுச்சு, காரணம் எழுதுற எடத்துல இந்திய ஏற்றுமதித் தடைன்னு நானேதான் எழுதினேன். அவ்வளவு பெரிய காரணம் இருக்கும்போது யாரு சின்ன காரணத்தத் தேடப்போறா. 2024 மே 4 தடைய எடுத்தாங்க. அதுக்கு முந்தியே மண்டோரு முட்டி வலின்னு சொல்லி வேலைய விட்டு நின்னுட்டாரு.

2025 பிப்ரவரில குறைஞ்சபட்சம் 1,700 ஆனப்ப நான் சும்மா இருக்கல. புது ஆளு சம்பளம், பழைய ஆளு சம்பளம், நடுவுல எவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதிட்டு மாடி ஏறினேன். சின்ன முதலாளி ரொம்ப நேரம் அதயே பாத்துட்டு இருந்தாரு. பழைய ஆளுங்க நாலு பேருக்கு ஏத்தினாரு. அப்புறம், "மண்டோர் அங்கிள் இப்ப எங்க இருக்காரு, கூப்பிட்டா வருவாரா?"ன்னாரு.

அந்த வாரக் கடைசில புக்கிட் மெர்தாஜாம்ல இருக்குற அவரு மக வீட்டுக்குப் போனேன். கையில அன்னிக்கு வந்த சரக்குல அஞ்சு வெங்காயம். அண்ணன் நல்லா வெளுத்துப் போயிருந்தாரு, காலு வீங்கியிருந்துச்சு. ஒண்ண எடுத்து கழுத்த அமுக்கினாரு, மூக்கு கிட்ட கொண்டு போனாரு, கண்ண மூடி ஒரு இழுப்பு. அப்புறம் மேசை மேல வச்சிட்டு, "கோப்பி குடிக்கிறியா தம்பி"ன்னாரு. சரக்கு எப்படின்னு நானும் கேக்கல, திரும்ப வர்றீங்களான்னும் வாய் வரல, முதலாளி விசாரிச்சாருன்னு மட்டும் சொன்னேன், ம்னு கேட்டுக்கிட்டாரு. கோப்பி குடிச்சிட்டு, பிள்ளைங்க படிப்பப் பத்தி பேசிட்டு, கெளம்பினேன். வர்ற வழில பாலத்துக்கு முந்தி ஜாம்ல நின்னப்ப பைலருந்து ஒண்ண எடுத்து நானும் மோந்து பாத்தேன். வெங்காய வாசனதான் வந்துச்சு.