தென்றல் எங்கிருந்து வருகிறது?

தங்கை மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு. போன ஞாயிற்றுக்கிழமை பட்டுக்கோட்டைக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே அரையாண்டு சமூக அறிவியல் தாளை என் கையில் திணித்தாள். "நல்லாத்தான் எழுதினேன் பெரியம்மா. எழுபத்தொண்ணுதான் போட்டிருக்காங்க. நீங்களே பாருங்க."

இருபத்தெட்டு வருடம் அரசுப் பள்ளிகளில் இதே பாடத்தை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். தாளைக் கையில் கொடுத்தால் சும்மா இருக்க முடியுமா? சிவப்புப் பேனாவைத் தேடினேன், கிடைக்கவில்லை. பென்சிலோடு உட்கார்ந்தேன்.

வரலாற்றில் பெரிதாகக் குறை இல்லை. குடிமையியல், பொருளியலில் அங்கொன்றும் இங்கொன்றும் போயிருந்தது. போன இருபத்தொன்பதில் பாதிக்கு மேல் புவியியலில்தான். வரைபடத்தில் மட்டும் இந்தியாவுக்கு எட்டு, தமிழ்நாட்டுக்கு ஐந்து என்று பதின்மூன்று மதிப்பெண். அவள் வாங்கியிருந்தது ஆறு. இவ்வளவுக்கும் தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று கூகுள் மேப்பைப் பார்க்காமலே சொல்கிற பிள்ளை.

இந்திய வரைபடத்தை விரித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று குறிக்கச் சொல்லியிருந்தார்கள். அம்புக்குறி அழகாக, கொஞ்சம் வளைவோடு, மூன்று கோடாகப் போட்டிருந்தாள். ஆனால் மூன்றும் மத்தியப் பிரதேசத்தில் புறப்பட்டு அரபிக்கடலுக்குள் இறங்கின!

இது அவள் ஒருத்தியின் தவறு இல்லை. திருத்தும் முகாமில் கட்டுக்கு நாலைந்து தாளாவது இப்படி இருக்கும். 'தென்மேற்கு' என்று படித்ததும் காற்று தென்மேற்கை நோக்கிப் போகிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். "காற்றுக்கு அது வரும் திசையை வைத்துத்தான் பெயர்" என்று பாடத்தில் படித்திருப்பார்கள், ஒரு மதிப்பெண் வினாவில் சரியாகத் தேர்ந்தெடுத்தும் இருப்பார்கள். கை மட்டும் வேறு பக்கம் போகும்.

"தென்றல் எங்கேருந்து வருது?" என்று கேட்டேன்.

"தெற்கேருந்து."

"வாடை?"

கொஞ்சம் யோசித்தாள். "வடக்கேருந்து. மார்கழியில் அடிக்குமே."

அவ்வளவுதான் விஷயம். நம் மொழியில் காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லோரும் வரும் திசையை வைத்தே வைத்திருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், மேற்கிலிருந்து வந்தால் கோடை. ஆடியில் மேல்காற்று அடிக்கிறது என்றால் மேற்கே போகிறது என்று யாராவது புரிந்துகொள்வார்களா? பருவக்காற்றும் அதே கணக்குதான். அவளுக்கு முகம் மலர்ந்தது. உடனே ரப்பரை எடுத்து அழிக்கப் போனாள். திருத்திய தாளில் அழித்து என்ன ஆகப் போகிறது? காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, பின்பக்கம் வரையச் சொன்னேன்.

அடுத்து கரிசல் மண். மகாராட்டிரத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து 'கரிசல்' என்று எழுதியிருந்தாள். மண் என்ன ரயில்வே ஸ்டேஷனா? ஊர் என்றால் புள்ளி, ஆறு என்றால் கோடு, மலைத்தொடர் என்றால் அதன் நீளத்துக்கும் கூம்புக் குறி, மண்ணோ பயிரோ காடோ என்றால் பரப்பு. பரப்பைப் பென்சிலால் சாய்கோடு போட்டுக் காட்ட வேண்டும், பெயரைக் கோடுகளுக்கு வெளியே எழுத வேண்டும். திருத்துகிற ஆசிரியர் மனசு வைத்தால் புள்ளிக்கும் மதிப்பெண் விழலாம். ஆனால் அவருடைய மனசை நம்பி ஏன் தேர்வு எழுத வேண்டும்?

கடக ரேகை அவள் தாளில் மும்பை வழியாகப் போயிருந்தது. 23°30' என்று எண் தெரியும், இடம் தெரியாது. இதற்கு நான் வகுப்பில் சொல்வது: குஜராத்தில் கத்தியவார் தீபகற்பம் தொங்குகிறதே, அதைத் தொடாதே, அதற்கு மேலே கட்ச் பகுதிக்குள் நுழை. போபாலுக்குச் சற்று மேலே, ராஞ்சியை ஒட்டி, அப்படியே திரிபுரா, மிசோரம். மூன்று இடத்தில் லேசாகப் புள்ளி வைத்துக்கொண்டு சேர்த்தால் கோடு சரியாக விழும். வரைபடத்தில் இடத்தைப் பக்கத்து இடத்தை வைத்துத்தான் பிடிக்க முடியும். நம் ஊரில் வழி சொல்வது போலத்தான்: பஸ் ஸ்டாண்டு தாண்டி, பிள்ளையார் கோவிலுக்கு எதிரே.

தமிழ்நாட்டு வரைபடத்தில் பாக் நீரிணையையும் மன்னார் வளைகுடாவையும் மாற்றி எழுதியிருந்தாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதிராம்பட்டினத்தில் இருந்து வருகிற மீனைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை! நமக்கு எதிரே இருக்கிற கடல் பாக் நீரிணைப் பக்கம். இராமேசுவரம் தீவும் தனுஷ்கோடியும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதற்கு வடக்கே பாக், தெற்கே மன்னார். தூத்துக்குடியில் முத்துக் குளித்த கடல் மன்னார். இதைச் சொன்னதும், "பெரியம்மா, அப்போ கஜா புயல் எந்தக் கடல்லேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. அப்போது அவள் சின்னப் பிள்ளை. எங்கள் கொல்லையில் பதினொரு தென்னை சாய்ந்தது மட்டும் அவளுக்கு நினைவிருக்கிறது. வங்காள விரிகுடாவில் உருவாகி மேற்கே நகர்ந்து வந்தது என்று சொல்லிக் காலண்டர் தாளில் அதையும் ஓர் அம்பாகப் போட வைத்தேன். பாடத்திட்டத்தில் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த அம்பைப் போட்ட பிறகு, வடகிழக்குப் பருவக்காற்றின் அம்பை அவள் யோசிக்காமலே சரியான பக்கத்திலிருந்து இழுத்தாள்.

இதற்கிடையில் ஒரு எரிச்சல். வரைபடம் முழுக்க ஸ்கெட்ச் பேனா. பச்சை, ஆரஞ்சு, ஊதா. வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: எழுதவும் அடிக்கோடிடவும் நீலம் அல்லது கருப்பு மை மட்டும், படம் வரையப் பென்சில். பத்து மணிக்குத் தாள் கொடுத்துப் பத்து நிமிடம் படிக்க விடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முதல் பக்கத்தை யாருமே படிப்பதில்லை. நேராக எட்டு மதிப்பெண் வினாவைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

வரைபடத்தை எப்போது போடுவது என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. கடைசியில் போடு என்பார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு மதிப்பெண் வினாக்களை முடித்த கையோடு வரைபடத்தைப் போட்டுவிட வேண்டும். கடைசி மணி அடிக்கப் போகிற நேரத்தில் கை நடுங்கிக்கொண்டு போட்டால் சேர்வராயன் மலை திண்டிவனத்துக்கு வந்துவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எழுத்துக்கு வருவோம். 'காரணம் கூறுக' வினா ஒன்று: தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு குறைவான மழை பெறுகிறது. அவள் விடை ஒரே வரி: "தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியில் உள்ளது." பாதி மதிப்பெண். தவறான விடை இல்லை, அறுந்துபோன விடை. மறைவு என்றால் எதற்கு மறைவு, எது மறைக்கிறது? காற்று அரபிக்கடலில் ஈரத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. இன்னொரு கிளை வங்காள விரிகுடா வழியாகப் போகிறது. நம் சோழமண்டலக் கரை அதற்கு இணையாக இருப்பதால் நம்மைத் தொடாமல் வடக்கே போய்விடுகிறது. இவ்வளவும் அவளுக்கு வாயால் சொல்லத் தெரிகிறது. எழுதச் சொன்னால் கடைசிக் கண்ணியை மட்டும் எழுதுகிறாள்.

காரணம் கூறுக என்றால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் 'அதனால்' என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வரி ஒட்டினால் சரி, ஒட்டவில்லை என்றால் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

'வேறுபடுத்துக' இன்னொரு கூத்து. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவில் கோடு கிழித்து அட்டவணை போட்டிருந்தாள். இடப்பக்கம் முதல் வரி, "தொடர்ச்சியான மலை." வலப்பக்கம் அதற்கு நேராக, "கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கு அருகில் உள்ளது." இது வேறுபாடு ஆகுமா? ஒருவர் உயரத்தைச் சொல்ல இன்னொருவர் சொந்த ஊரைச் சொல்வது மாதிரி. இந்தப் பக்கம் தொடர்ச்சி என்றால் அந்தப் பக்கம் மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி அறுத்துத் துண்டு துண்டாக ஆனது என்று வர வேண்டும். "பெரியம்மா, பாலக்காட்டுக் கணவாய் இருக்கே, அப்புறம் எப்படித் தொடர்ச்சி?" என்று மடக்கினாள். நல்ல கேள்வி. தேர்வுத் தாளில் எழுதாதே, உன் டீச்சரிடம் கேள் என்றேன். அவர் பாடு.

அட்ச தீர்க்கத்தில்தான் சிரித்துவிட்டேன். இந்தியா 68°7' முதல் 97°25' வரை வட அட்சத்தில் இருப்பதாக எழுதியிருந்தாள். 66°30' தாண்டினாலே ஆர்க்டிக் வட்டத்துக்குள் போய்விடுவோம், 90-க்கு மேல் அட்சமே கிடையாது. வட துருவத்தைத் தாண்டி எங்கே ஏறி நிற்கிறது நம் நாடு? கன்னியாகுமரி பக்கம் 8°4'-இல் தொடங்கி 37°6' வரை, இதுதான் அட்சம். அவள் எழுதியது தீர்க்கம். சிறிய எண் கீழேயிருந்து மேலே, பெரிய எண் மேற்கிலிருந்து கிழக்கே என்று வைத்துக்கொண்டால் மாறாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காவிரியை வரைந்தோம். ஒகேனக்கல்லில் நுழைந்து, மேட்டூர், ஈரோடு, அப்புறம் முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, பூம்புகாரில் கடல். ஐந்து முறை வரைந்தாள். மூன்றாவது முறை ஆறு திருச்சிக்குத் தெற்கே புதுக்கோட்டை வழியாகப் போனது. நான் வாயைத் திறக்கவில்லை. தானே பார்த்து, "ஐயோ, அங்கெல்லாம் கண்மாய்தானே" என்று அழித்துக்கொண்டாள்.

ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது காலண்டர் தாள்களை எல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஸ்கெட்ச் பேனா டப்பாவை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து போன். வந்து சேர்ந்துவிட்டாளா என்று கேட்கும் முன்பே அந்தப் பக்கம் குரல்: "பெரியம்மா, லட்சத்தீவுக்குப் புள்ளியா, பரப்பா?"