வஞ்சிரம் எந்தக் கடலில் கிடக்கிறது?

குளச்சலில் எங்கள் தெருவுக்குத் தலைச்சுமையாக மீன் கொண்டுவரும் மாமி ஒருவர் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்து, முன்னால் 32 சீட்டுகளைப் பரப்பினேன். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சீட்டுக்கு ஒரு மீன் பெயர். "உங்களுக்கு எதெல்லாம் ஒண்ணாச் சேரும்னு தோணுதோ அப்படி அடுக்குங்க மாமி" என்றேன்.

நான் படித்தது நூலகவியல். வேலை, நாகர்கோவிலில் இணையதளங்கள் செய்து கொடுக்கும் சின்ன அலுவலகத்தில். ஒரு வருடமாக இரவுகளில் தகவல் கட்டமைப்பு படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தளத்தில் எது எங்கே இருக்க வேண்டும், அதை என்ன பெயர் சொல்லி அழைக்க வேண்டும், தேடி வருகிறவர் எந்த வாசல் வழியாக வந்தாலும் எப்படிப் போய்ச் சேர்வார் என்பதெல்லாம் அதற்குள் வரும். அந்தப் படிப்பை முதலில் சோதித்துப் பார்த்தது, வீட்டுக்கு மீன் கொண்டு கொடுக்கும் கடை ஒன்றின் தளத்தில். விலங்கியல் புத்தகப் பிரிவுகளையும் சென்னைப் பக்கத்துப் பெயர்களையும் வைத்து மெனு போட்டேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் கடைக்கு போன் மேல் போன்: "அயிலை இல்லியா?" முதல் பக்கத்தில் முதல் படமே அயிலைதான். கீழே கானாங்கெளுத்தி என்று எழுதியிருந்தேன்.

மாமி விரல் வைத்து மெதுவாக வாசிப்பார். வஞ்சிரம் சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கடல்ல மக்களே கெடக்கு?" நெய்மீன் என்றதும் சிரித்துவிட்டார். கானாங்கெளுத்தியை நேரே கெளுத்தி சீட்டின் மேல் வைத்தார். பெயரிலேயே கெளுத்தி இருக்கிறதே, வேறெங்கே வைப்பார்! போனில் படத்தைக் காட்டினேன். "இது அயிலைல்லா!"

அந்த இடத்தில் எனக்கு 1987-இல் ஃபர்னாஸ் என்பவரும் கூட மூன்று பேரும் எழுதிய ஆய்வு நினைவுக்கு வந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று அவர்கள் கண்டார்கள். எவ்வளவு யோசித்து வைத்தாலும் ஒற்றைச் சொல் போதாது, மக்கள் வாயில் புழங்கும் பெயர்களையெல்லாம் உள்ளே விட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன வழி. 1989 மார்ச்சில் செர்ன் ஆய்வுக்கூடத்தில், பின்னால் உலகளாவிய வலையை (World Wide Web) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ வைத்த திட்ட அறிக்கையிலும் இந்தக் கவலை இருக்கிறது. குறிச்சொற்களை இரண்டு பேர் ஒரே மாதிரி தேர்ந்தெடுப்பதில்லை, மரம் மாதிரி கிளை பிரித்து அடுக்குவதும் உதவாது என்று எழுதியிருந்தார். அந்த இணைய வலை பிறந்ததே இந்தச் சங்கடத்தில் இருந்துதான் என்று எனக்குத் தோன்றும்.

மரம் ஏன் உதவாது என்பதை எனக்கு முழுசாகப் புரியவைத்தவர் சீர்காழிக்காரர். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். லண்டன் கடையொன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே சில துண்டுகளைப் பூட்டிக் கழற்றி எத்தனையோ உருவங்கள் செய்யலாம். நூல்களையும் அப்படிப் பகுக்கலாமே என்று பிறந்தது 1933-இல் வெளியான கோலன் பகுப்புமுறை. ஒரு பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து முகங்களில் பார்ப்பது. கல்லூரியில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். மீனை வைத்துப் பார்த்தபோதுதான் உயிர் வந்தது: எந்த மீன், பச்சையா கருவாடா, முழுசா துண்டு போட்டதா, எந்தத் துறை, எந்த மாதம்.

கடைசி இரண்டும் எங்கள் மாவட்டத்தில் தனிக்கதை. சின்னமுட்டத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அரபிக்கடல் பக்கம் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் அங்கே படகு கரையில், இங்கே கடலில். 'இப்போது கிடைக்கும்' என்று ஒரே பெட்டியில் மீனைப் போட்டால் பொய்யாகிவிடும். இடத்தையும் காலத்தையும் தனித்தனி ஃபில்டராகப் பிரித்த பிறகுதான் சரியானது.

மாமி கடைசியில் நாலு குவியல் வைத்திருந்தார். என் மெனுவோடு ஒன்றுகூடப் பொருந்தவில்லை. குழம்புக்கு. பொரிக்க. மூன்றாவதில் பால்சுறாவும் காரலும்: "பிள்ள பெத்தவளுக்கு." இப்படியொரு வாசல் எனக்குத் தோன்றியதே இல்லை. பேறுகாலம் முடிந்து வீட்டுக்கு வந்த மகளுக்காகத் தேடுகிற அம்மா, மீன் பெயரையா முதலில் நினைப்பாள்? கடைக்காரர் தயங்கினார், நான் விடவில்லை. இப்போது அந்தத் தலைப்பு மெனுவில் இருக்கிறது. அயிலை, நெய்மீன், சாளை பெரிய எழுத்தில். கானாங்கெளுத்தி, வஞ்சிரம், மத்தி என்று தேடினாலும் அதே பக்கத்துக்குத்தான் வரும்.

நாலாவது குவியலில் சிங்கி இறால் மேலே கிடந்தது. "இது எதுக்கு மாமி?"

"இது விக்கதுக்கு மக்களே. நாங்க தின்னதில்ல."

அந்தக் குவியலுக்கு என்ன பெயர் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சீட்டுகளை அவர் அடுக்கிய வரிசையிலேயே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.