பேர் கேட்கிற இடம்

பிப்ரவரி 19

நைனாவைப் பழவேற்காட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். பொன்னேரி தாண்டி உப்பங்காற்று அடித்ததும் ஆம்புலன்ஸுக்குள் கண்ணைத் திறந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் வருகிறது, பேர்கள்தான் வருவதில்லை. டம்ளர், தலையணை, வலை எல்லாமே "அது". உள்ளே எல்லாம் இருக்கிறது, வாய்க்கு வருகிற வழிதான் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

அம்மா அழவில்லை. கட்டிலை ஏரி தெரிகிற ஜன்னல் பக்கம் தள்ளிப்போடச் சொன்னாள்.

பிப்ரவரி 20

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கிறோம். முதுகில் புண் வந்துவிடக் கூடாது.

பிப்ரவரி 22

இன்றைக்கு என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ... நீதான்..." அப்புறம் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யார் என்று தெரிகிறது, அந்தப் பிடியிலேயே தெரிகிறது. பேர் மட்டும் அகப்படவில்லை. "நானே சொல்லட்டுமா நைனா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். தானே தேடி எடுக்க வேண்டுமாம். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

ஆயா சொன்ன கதை அப்போதிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிப்ரவரி 23

தூக்கம் வரவில்லை. அந்தக் கதையை எழுதிவிடுகிறேன்.

கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்காடுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை. சென்னையில் இங்கிலீஷ்காரன் கால் வைப்பதற்கு 26 வருஷம் முன்னால். இன்றைக்குப் போய்ப் பார்த்தால் அகழி இருந்த பள்ளம், செடிக்குள் புதைந்த செங்கல், அவ்வளவுதான். அமாவாசை ராத்திரியில் அந்தப் பக்கம் தனியாக நடந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிடும். ஆம்பிளைக் குரலா பொம்பிளைக் குரலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "என் பேரு என்னா, தெரியுமா?" என்று கேட்கும்.

தெரியாது என்று சொல்லக் கூடாது, அழ ஆரம்பித்துவிடும். பரிதாபப்பட்டு வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொன்னாலோ, அந்தப் பேரை மாட்டிக்கொண்டு உன் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். திரும்பிப் பார்க்கவும் கூடாது. கையில் இருக்கிற தண்ணியைத் தரையில் ஊற்றிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். "அதுங்களுக்குத் தாகம், பாப்பா. கடல் தண்ணிதான் குடிச்சிட்டுப் போச்சுங்க."

ஆயா எங்களை அடக்குவதற்காக இதைச் சொன்னதில்லை. மற்ற பேய்க்கதைகளுக்கு ஒரு குரல் வைத்திருந்தாள். ஏரி நடுவில் எரிகிற கொள்ளிவாய்ப் பிசாசு, புளியமரத்து மோகினி என்றால் கண்ணை உருட்டுவாள், தொடையில் தட்டுவாள். இந்தக் கதைக்கு மட்டும் குரல் இறங்கிவிடும். நண்டு உடைத்துக்கொண்டிருந்தாலும் கை நின்றுவிடும்.

"எங்க போச்சுங்க ஆயா?" என்று கேட்டால், "கப்பல்ல" என்பாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

பிப்ரவரி 24

முகத்துவாரம் தூர்ந்துகொண்டே வருகிறது என்று தம்பி சொல்கிறான். படகைக் கடலுக்குள் எடுக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வராவிட்டால் இறால் குஞ்சும் வராது, மடவையும் வராது. நைனா காதில் விழக்கூடாது என்று மெதுவாகத்தான் பேசினான். ஆனாலும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிப்ரவரி 26

மருந்து வாங்கப் போனவள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன். தொல்லியல் துறை பூட்டி வைத்திருக்கும். இன்றைக்குத் திறந்திருந்தது.

வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். ஒன்று மணற்கடிகாரம் வைத்திருக்கிறது, இன்னொன்று மண்டையோடு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இந்த இடத்தில் எல்லோரும் ஓடுவோம். இப்போது பக்கத்தில் போய் நின்று விலா எலும்புகளை எண்ணினேன். செதுக்கியவன் நம்ம ஊர்க் கல்தச்சனாக இருந்தால், எதைப் பார்த்துச் செதுக்கியிருப்பான்?

உள்ளே அந்தக் காலத்துக் கல்லறைகள். பேர், குடும்பச் சின்னம், பிறந்த ஊர், செத்த நாள். ஒரு கல்லின் எழுத்துக்குள் விரலை வைத்தேன். நகம் முழுசாக உள்ளே போகிறது. கிட்டத்தட்ட நாலு நூறு வருஷ மழை, உப்புக்காற்று, புயல், சுனாமி எல்லாம் பார்த்த கல். அந்த மனிதன் யார் என்று யாருக்கும் அக்கறை இல்லாமல் போன பிறகும் அவன் பேரை இன்னும் விரலால் படிக்கலாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவன்மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை. மருந்துச் சீட்டைக் கசக்கிவிட்டேன். அப்புறம் கடையில் அதை நீவிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

பிப்ரவரி 27

பூநாரைகள் இன்னும் போகவில்லை. நைனாவைச் சாய்த்து உட்காரவைத்துக் காட்டினேன். "அது" என்றார். ஆமாம் நைனா, அதுதான்.

பிப்ரவரி 28

லுங்கி மாற்றும்போது கவனித்தேன். இடது கைக் கட்டைவிரல் லுங்கியின் கட்டம் மேலேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு கட்டம், அடுத்த கட்டம், அடுத்த கட்டம். எண்ணுகிறாரா என்ன? பாளையக்காட் லுங்கி. தறியில் பிறந்த அந்தத் துணிக்கு எங்கள் ஊர் பேர்தான். மலேசியாவில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு கைன் பெலிக்காட் என்றுதான் சொல்கிறார்கள். பெலிக்காட் என்றால் புலிக்காட், புலிக்காட் என்றால் பழவேற்காடு. நம்ம துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் டச்சுக்காரன் அந்தப் பக்கத்துத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினான்.

துணி போன கப்பலில்தான் ஆட்களும் போனார்கள். துணிக்குப் பேர் இருக்கிறது.

பிப்ரவரி 29

மோசமான நாள். சாப்பாட்டைத் துப்பிவிட்டார். நான் கத்திவிட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, இடது கண்ணில்தான் முதலில் வந்தது. இதை எழுதவே பிடிக்கவில்லை, ஆனால் நடந்ததை மறைத்து என்ன செய்ய.

மார்ச் 2

அந்தக் "கப்பல்ல" என்கிற ஒரு சொல்லுக்குப் பின்னால் இருந்ததை நான் காலேஜுக்குப் போன பிறகுதான் படித்தேன். கெல்ட்ரியாதான் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்குத் தலைமையிடம். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை இங்கிருந்துதான் எல்லாம் நடந்தது. துணி, வெடிமருந்து, அப்புறம் மனிதர்கள். மழை பொய்த்து, சண்டையும் சேர்ந்துகொண்ட 1620-களிலும் 1640-களிலும் சோறில்லாத ஜனம் கடற்கரைக்கு வந்திருக்கிறது. பிள்ளையை விற்றவர்கள் உண்டு. தன்னையே விற்றவர்கள் உண்டு. தரகன் பிடித்துக்கொண்டுவந்தவர்களும் உண்டு. அவர்களை அடைத்துவைத்து, கப்பல் வந்ததும் பத்தாவியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தா. ஆயிரம் ஆயிரமாகப் போனார்கள். கம்பெனிக் கணக்கில் அவர்கள் தலைகள், ஒரு கப்பலுக்கு இத்தனை என்று.

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்தாவியா என்கிற பேரை அவள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் இங்கிருந்து ஜனம் கப்பலில் போனது, தாகத்தோடு போனது, பேர் இல்லாமல் போனது, இந்த மூன்றும் அவளிடம் இருந்தன. அவளுக்கு அவள் ஆயா சொன்னது, அந்த ஆயாவுக்கு இன்னொரு ஆயா. வரலாறு படித்த நான் இதைப் பேய்க்கதை என்று ஒதுக்கிவைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

இதை எல்லாம் நைனாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்குப் புதுசாக ஒன்றுமில்லை போல இருந்தது. இடது கையைத் தூக்கி, எதையோ பிடித்திருப்பது போல விரல்களை மடக்கி, மெதுவாகச் சாய்த்தார். திரும்பவும் அப்படியே. தண்ணி வேண்டுமா என்று டம்ளரைக் கொடுத்தேன், தள்ளிவிட்டார். மறுபடியும் சாய்த்தார்.

மார்ச் 3

அம்மாவிடம் அந்தச் சாடையைச் செய்து காட்டினேன். "அமாவாசை தண்ணி" என்றாள், சாதாரணமாக, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. ஆயா செத்துப்போன மாசத்திலிருந்து நைனாதான் செய்துவருகிறாராம். இருபத்தோரு வருஷம். ஒரு செம்பு நல்ல தண்ணி, இருட்டினதும், கோட்டைப் பக்கம். கடலுக்குப் போயிருந்தால்கூட வந்து ஊற்றிவிட்டுத்தான் சாப்பாடு. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எங்க இங்க இருந்த?" என்றாள். குத்திக்காட்டவில்லை. நான் இல்லைதானே.

போன அமாவாசை அன்றைக்கு நைனா ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மார்ச் 4

இடது கை விரல்களுக்குப் பந்து கொடுத்திருக்கிறேன், பிசைகிறார். வலது கையில் அசைவு இல்லை.

மார்ச் 6

தம்பி சாப்பிடாமலேயே படுத்துவிட்டான். ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறார்கள். முகத்துவாரத்தை யாரும் வந்து திறக்கப்போவதில்லை, நாமே காசு போட்டு ஜேசிபி வைத்து வாயை வெட்டிவிடலாம் என்று. வருஷா வருஷம் இதே கதைதான். வெட்டினால் மறுபடியும் மண் மூடும். ஆனாலும் வெட்டாமல் எப்படி இருப்பது? ஏரியில் ஆள் மாற்றி ஆள் வலை போடுகிற பாட்டில் நம்ம முறை வந்தும் வலையில் ஒன்றும் விழாவிட்டால் அந்த முறைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான். அவனுக்கு இருபத்தாறு வயதுதான்.

நைனா அவன் பேரையும் சொல்வதில்லை. அவன் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை.

மார்ச் 8

சிவராத்திரி. ஊர் முழித்திருக்கிறது. எங்கள் வீட்டு விளக்கும் பதினெட்டு நாளாக அணையவில்லை.

நடுராத்திரியில் நைனா தெளிவாக ஒரு வார்த்தை பேசினார். "பேரு?" நான் கட்டிலுக்கு முதுகு காட்டி மருந்து கரைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, இருட்டில், அந்தக் குரல். உடம்பு சில்லிட்டுவிட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வருவதற்குள் ஸ்பூன் கையிலிருந்து விழுந்துவிட்டது. திரும்பினேன். நைனாதான். என்னைத்தான் கேட்கிறார். கிட்டே போய் அவர் காதில் என் பேரைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. சத்தம் வரவில்லை.

மார்ச் 10

அமாவாசை.

செம்பை அம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தாள். கிணற்றுத் தண்ணி கரிக்கும் என்று கேன் தண்ணியை ஊற்றினாள். தம்பி டார்ச் எடுத்துக்கொண்டு கூட வந்தான், பாதி வழியில் அணைக்கச் சொல்லிவிட்டேன்.

அகழிப் பள்ளத்தின் ஓரம். கொசு, அழுகின பாசி நாற்றம், தூரத்தில் ஏதோ ஒரு படகின் இன்ஜின். எந்தக் குரலும் கேட்கவில்லை. செம்பைச் சாய்த்தேன். காய்ந்த மண் முதலில் தண்ணீரை ஏற்றுக்கொள்ளவில்லை. உருண்டை உருண்டையாக மேலேயே நின்றது. அப்புறம் ஒரே மடக்காக இழுத்துக்கொண்டது. சின்னச் சத்தம், தொண்டையில் இறங்குகிற மாதிரி. தம்பியும் கேட்டான். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

நைனா தூங்காமல் இருந்தார். இடது கையை நீட்டினார். செம்பைக் கொடுத்தேன். கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு அவர் லுங்கியில் விழுந்தது. "சரி" என்றார்.

மார்ச் 11

ஜேசிபி இறக்கிவிட்டார்கள். தம்பி விடியற்காலையிலேயே முகத்துவாரத்துக்குப் போய்விட்டான்.

மார்ச் 12

காலையில் இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாயில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். நெற்றி சுருங்கவில்லை, வேர்க்கவில்லை, மிகச் சுலபமாக ஒரு பேர் வந்தது. ஆயாவின் பேர்.

நான் "ம்" என்றேன்.