சட்டாம்பிள்ளை வேலை

2019 ஜனவரியில் ஒரு மதியம் துறைத் தலைவர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, "முதல் வருஷ ஸ்டாடிஸ்டிக்ஸ்ல தொண்ணூத்தொண்ணு எடுத்தது நீதானே?" என்றார். ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட தொனி. ஆமாம் மேடம் என்றேன். அவ்வளவுதான், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பி.காம். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு நாள், மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் அப்போது மூன்றாமாண்டு. சம்பளம் கிடையாது, வருஷக் கடைசியில் ஒரு சான்றிதழ். வேலைக்குப் பேர் 'பியர் டியூட்டர்'. புதுச்சேரியில் நான் படித்த அந்தக் கல்லூரியின் பேர் இங்கே வேண்டாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. சாயங்காலம் போய்ச் சொன்னதும் தாத்தா சிரித்துவிட்டார். "அப்ப சட்டாம்பிள்ளை ஆயிட்டேன்னு சொல்லு."

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து போன நேரத்தில் சின்னப் பிள்ளைகளை மணலில் எழுத வைத்து, சொல்லித் தந்து, சேட்டை செய்தால் போட்டும் கொடுக்கிற பெரிய பையன்தான் சட்டாம்பிள்ளை. தாத்தாவே அப்படிப் படித்தவர் இல்லை, அவருடைய அப்பா சொல்லிக் கேட்டது. எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. பிரம்பு ஞாபகம்தான் வந்தது. பிரம்பு கையில் இல்லையே தவிர முதல் மூன்று வாரம் நான் செய்தது அதைத்தான் என்பது அப்புறம் தெரிந்தது.

முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்று எழுந்து நின்றார்கள். மேம்! பத்தொன்பது வயசில் யாராவது மேம் என்று கூப்பிட்டால் கொஞ்சம் கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, சாக்பீஸை எடுத்து, ஐம்பது நிமிஷம் விடாமல் போர்டில் எழுதித் தள்ளினேன். சார் வகுப்பில் சொன்னதை அப்படியே, சாரைவிட வேகமாக. நடுநடுவே திரும்பி "புரிஞ்சுதா?" என்றேன். "புரிஞ்சுது மேம்." பதினான்கு தலையும் ஆடியது. இவ்வளவு சுலபமா இந்த வேலை என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஐந்து பேர். மூன்றாவது வாரம் இரண்டு பேர், அதில் ஒருவன் போனுக்குச் சார்ஜ் போட வந்தவன்.

எனக்கு அவர்கள் மேல்தான் கோபம். இலவசமாகச் சொல்லித் தருகிறேன், வர வலிக்கிறதா? அந்தக் கோபத்தை ஒருவன் மேல் காட்டினேன், அதைப் பின்னால் சொல்கிறேன். நோட்டீஸ் போர்டைப் பார்த்தபோதுதான் பாதி விஷயம் விளங்கியது. 'ஸ்லோ லேர்னர்ஸுக்கான சிறப்பு வகுப்பு' என்று தலைப்புப் போட்டு, கீழே இன்டர்னலில் மார்க் குறைந்தவர்களின் பேர்ப் பட்டியல். கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிற வருஷம், ஃபைலில் அந்த வார்த்தை இருக்க வேண்டுமாம். கேன்டீன் போகிற வழியில் நாலு பேர் நின்று பேர் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் "மந்த புத்தி" என்று எழுதி ஒட்டிவிட்டு, வா வா என்றால் யார் வருவார்கள்?

புள்ளியியல் சாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ரொம்பப் பேசமாட்டார். "நாளைக்கு என் கிளாஸ்ல வந்து கடைசி பெஞ்சுல உக்காரு, எதுவும் சொல்லாத, உக்காரு" என்றார். போய் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் முன்னால் இதே அறையில், இதே சார் முன்னால், எழுதுகிற மாதிரி நடித்துக்கொண்டு நான் பஸ் நேரத்தைக் கணக்குப் போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. பின் பெஞ்சிலிருந்து பார்த்தால் போர்டு தெரிவதில்லை, முதுகுகள்தான் தெரிகின்றன. எந்த இடத்தில் பேனா நிற்கிறது, எந்த இடத்தில் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறார்கள் என்று நன்றாகவே தெரிந்தது. சிக்மா என்கிற அந்தக் கிரேக்க எழுத்துக் குறி வரும்போது பத்துப் பேனா நின்றது.

சார் சொன்னது அவருடைய சொந்த யோசனை என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் இதற்கு ஒரு முறையே இருப்பது தெரிந்தது. 1973இல் அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் தொடங்கியது, 'சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று பேர். அந்தப் பேப்பரை ஏற்கெனவே நன்றாக முடித்த மாணவர் மறுபடியும் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும், அப்புறம் வெளியே தனியாகக் கூட்டம் நடத்த வேண்டும், ஆனால் பாடம் எடுக்கக் கூடாது, கேள்வி வந்தால் பதில் சொல்லாமல் இன்னொருவர் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் மக்கு மாணவர் என்று யாரையும் பொறுக்குவதில்லை. கஷ்டமான பேப்பரைத்தான் பொறுக்குகிறார்கள். நிறையப் பேர் தோற்கிற பேப்பரா, அதற்கு ஒரு கூட்டம், முதல் மார்க் வாங்குகிறவனும் வரலாம். குறை பேப்பரில், பிள்ளையில் இல்லை. இது தெரியாமலே நான் துறைத் தலைவரிடம் கெஞ்சி நோட்டீஸை மாற்ற வைத்திருந்தேன். 'பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ், திங்கள், வியாழன், 3 மணி.' பேர்ப் பட்டியல் கிடையாது. ஃபைலுக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம் என்றேன்.

நோட்டீஸ் மாறியதில் ஆள் கூடியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

அது திறந்தது வகுப்பில் இல்லை, பஸ்ஸில். புதுச்சேரியிலிருந்து கடலூர் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் சாயங்காலம் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் உயிர் போய்விடும். அன்றைக்குத் தவளக்குப்பம் தாண்டியும் உட்கார இடமில்லை. ரெட்டிச்சாவடியில் இறங்குகிற ஒரு முதலாமாண்டுப் பையன் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றான். வகுப்பில் அவன் குரலை நான் கேட்டதே இல்லை. கிருமாம்பாக்கம் வந்தபோது, பஸ் ஆட்டத்தில் தைரியம் வந்ததோ என்னவோ, "அக்கா, இந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு சொல்றாங்களே, அது நெசமா என்னக்கா?" என்றான். மேம் போய் அக்கா வந்திருந்தது. அது வகுப்பறையா என்ன.

"திட்ட விலக்கம்டா" என்றேன்.

கம்பியை விட்டுவிட்டான். "திட்ட விலக்கமா? அதுவா? அது பத்தாவதுல போட்டதுதானக்கா! திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு, எல்லாம் போடுவேனே."

ஆறு வாரம். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பில் அவன் போட்டு முழு மார்க் வாங்கிய கணக்கை, இங்கிலீஷ் பேர் ஒன்று வந்து மறைத்துக்கொண்டு நின்றதால், ஆறு வாரமாகத் தெரியாது என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கணக்கை நான் மூன்று தடவை அவன் எதிரில் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் இங்கிலீஷ் மீடியம்.

அடுத்த வியாழக்கிழமை போர்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் இங்கிலீஷ் பேரும் இன்னொரு பக்கம் அவர்கள் பள்ளியில் படித்த பேருமாக எழுதச் சொன்னேன். மீன் என்றால் கூட்டுச் சராசரி, மீடியன் என்றால் இடைநிலை, மோட் என்றால் முகடு. பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் என்று புதுச்சேரிப் பகுதிப் பிள்ளைகளும் அப்போதெல்லாம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள்தான், அதனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அறையில் சந்தை மாதிரி இரைச்சல். எனக்கு உள்ளூர ஒரே கர்வம், புரட்சி செய்துவிட்ட மாதிரி.

அந்த இரைச்சலில் ஜன்னலோரம் ஒரு பெண் நோட்டை மூடிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனாமிலிருந்து வந்தவள், ஹாஸ்டல். ஏனாமும் புதுச்சேரி ஆட்சிப் பகுதிதான், ஆனால் அது இருப்பது ஆந்திராவின் காக்கிநாடா பக்கம், பேச்சு தெலுங்கு. கடைப் பேச்சுத் தமிழ் அவளுக்குக் கொஞ்சம் வரும், இடைநிலையும் முகடும் எங்கே வரும்? அவளுக்கு இருந்த ஒரே கைப்பிடி அந்த இங்கிலீஷ் பேர்தான், அதையும் நான் பிடுங்கிவிட்டேன். அப்போது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, நியாயம்தான்.

அதனால் அடுத்த கூட்டத்தில் எந்த மொழியும் வேண்டாம் என்று எண்ணை மட்டும் எழுதினேன். இரண்டு பஸ். ஒன்று தினமும் சரியாகப் பத்து நிமிஷம் லேட்: 10, 10, 10, 10, 10. இன்னொன்று 0, 20, 5, 15, 10. இரண்டுக்கும் சராசரி பத்துதான், நீங்கள் எந்த பஸ்ஸை நம்புவீர்கள்? எல்லாரும் முதல் பஸ். ஏன்? இரண்டாவது ஆளைப் பைத்தியமாக்கும் அக்கா. சரி, எவ்வளவு பைத்தியம், அதை ஒரு எண்ணாகச் சொல்லுங்கள். இதைச் சொல்லிவிட்டுச் சாக்பீஸை முன் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யாரும் எழவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்து நான் பார்த்ததும் இல்லை. இரண்டு நிமிஷம் இருக்கும், மின்விசிறி சத்தம் மட்டும். அப்புறம் ரெட்டிச்சாவடிப் பையன் எழுந்து போய், பத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று எழுதினான். மைனஸ் 10, 10, மைனஸ் 5, 5, 0. கூட்டினால் பூஜ்யம். அதனால்தான் வர்க்கப்படுத்துகிறோம் என்று அவனே சொல்லி, 250 வந்து, ஐந்தால் வகுத்து 50, வர்க்கமூலம் 7.07. கைதட்டினார்கள்.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "மைனஸ் தீசேஸ்தே சாலதா அக்கா?"

மைனஸை எடுத்துவிட்டால் போதாதா? அவளே வந்து எழுதினாள். 10, 10, 5, 5, 0. கூட்டினால் 30, ஐந்தால் வகுத்தால் 6. சுலபமாக ஆறு வருகிறது, பைத்தியக்காரத்தனமாக வர்க்கம் போட்டு மறுபடி மூலம் எடுத்து 7.07க்கு ஏன் போக வேண்டும்?

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. தொண்ணூற்றொரு மார்க் வாங்கியவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் வந்ததில்லை. "தெரியலைப்பா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றேன். அன்றிலிருந்துதான் அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன்.

சாரிடம் கேட்டதற்கு அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் சொன்ன முறைக்குச் சராசரி விலக்கம் என்று பேர், அது தப்பே இல்லை என்றார். 1914இல் எடிங்டன், அந்த வானியல்காரர், நடைமுறையில் அதுதான் மேல் என்று எழுதியிருக்கிறார். 1920இல் புள்ளியியல்காரர் ஃபிஷர் அதற்குப் பதில் எழுதினார், பிழைகள் நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் குறைகிற மணி வடிவப் பரவலில் இருந்தால் வர்க்க முறைதான் தகவலை வீணாக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தரவில் ஒன்றிரண்டு எண் கன்னாபின்னாவென்று இருந்தால் எடிங்டன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றும் சார் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை இதைச் சொன்னபோது அவள் கேட்டது, "அப்ப நான் எடிங்டன் கட்சியா?" தமிழில்தான் கேட்டாள்.

சரி, அந்தப் பையன் விஷயம். இரண்டாவது வாரம், ஆள் குறைந்த கடுப்பில் நான் இருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒருவன் மேஜையில் தலை வைத்துத் தூங்கினான். "தூங்கணும்னா வீட்டுக்குப் போ, இங்க ஃபேனுக்கு வரவேண்டாம்" என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். எழுந்து, மன்னிச்சிருங்க மேம் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் வரவில்லை. அவன் கடலூர் முதுநகர். விடியற்காலை இரண்டு மணிக்கே துறைமுகத்துக்குப் போய்ப் பெட்டி தூக்கி, ஐஸ் கொட்டி, ஏலம் முடிந்து குளித்துவிட்டுக் காலேஜ் பஸ் ஏறுகிறவன் என்பதை மார்ச் மாதம் இன்னொரு பையன் போகிற போக்கில் சொன்னான். நான் படித்த எந்த முறையிலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை. போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வெட்கம். ஏப்ரல் 15ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையேறின. அடுத்த திங்கட்கிழமை அவன் வந்து அதே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான், கண் நன்றாக விழித்திருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, போன வாரக் கணக்குத் தாளை மட்டும் அவன் முன்னால் வைத்தேன். இன்னும்கூட அதைச் சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை.

தாத்தாவின் சட்டாம்பிள்ளைக்கு வருகிறேன். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதையே தன் பள்ளியிலும் கொண்டுவர நினைத்தார், ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை, அதனால் எட்டு வயசுப் பையன் ஒருவனை விட்டே சின்னவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, அங்கே 'மெட்ராஸ் முறை' என்று பேராகிப் பரவிவிட்டது. இதைத் தாத்தாவிடம் சொன்னபோது, "நம்மூர்ச் சரக்குதான், பிரம்பை மட்டும் உட்டுட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

கடைசிக் கூட்டம் ஏப்ரல் நான்காவது வாரம். அன்றைக்கு ஏனாம் பெண் போர்டில் ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டு விஷயம் எவ்வளவு சேர்ந்து போகிறது என்கிற கணக்கு, போட்டுக்கொண்டிருந்தாள், ரெட்டிச்சாவடிப் பையன் அதை ஒத்துக்கொள்ளாமல் கத்திக்கொண்டிருந்தான், நான் முதுநகர்ப் பையன் பக்கத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஃபைலுக்காக அலுவலக அண்ணன் வந்து, அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் கீழே அச்சாகிற அந்த போன் கேமராவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். மேடம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"இதுல டியூட்டர் யாருன்னே தெரியலைன்னாங்கம்மா. நீ போர்டாண்ட போய் நில்லு, கையில சாக்பீஸ் வெச்சுக்க. மத்தவங்க எல்லாம் உக்காந்து எழுதுங்க."

போய் நின்றேன். "மேம், இந்தப் பக்கம் பாருங்க மேம்" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள், அறையே சிரித்தது. அந்தப் போட்டோதான் ஃபைலில் இருக்கிறது.