தொட்டித் தண்ணீரும் தை மாதமும்

ஜனவரி 11, குவார்ட்சைட், அரிசோனா

பொழுது சாய்வதற்குள் லா போசா முகாம் நிலத்தில் எங்கள் ஆர்வியை, அதாவது அடுப்பும் கட்டிலும் உள்ள வீட்டு வண்டியை, நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து மட்டம் பார்த்தாயிற்று. மட்டம் சரியில்லை என்றால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணும், இரவெல்லாம் தலைப்பக்கம் சறுக்கிக்கொண்டே தூங்க வேண்டியிருக்கும்.

ஊர் என்று சொல்ல ஒரு நெடுஞ்சாலை, பெட்ரோல் பங்குகள், கூடாரக் கடைகள். நிரந்தரமாக வசிப்பவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் ஜனவரி பிறந்தால் சுற்றியிருக்கும் சரளைக்காடு முழுக்க ஆர்விகள். கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பனிக்குத் தப்பி வந்த ஓய்வுபெற்றவர்கள். லா போசா அரசு நிலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் இருந்துகொள்ள ஒரு கட்டணம், இரண்டு வாரத்துக்கு மட்டும் என்றால் அதைவிடக் குறைவு. கரண்ட் இணைப்பு, குழாய் இணைப்பு எதுவும் கிடையாது. குடிநீர் பிடிக்க ஒரு இடம், கழிவுத்தொட்டியைக் காலி செய்ய ஒரு இடம், குப்பைத்தொட்டி. அவ்வளவுதான்.

இவருக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. கல் கடை, பழைய ஸ்பானர் கடை என்று நாள் முழுக்க அலைவார். எனக்கு ஒட்டவில்லை. இத்தனை பெரிய பாலையில் பக்கத்து வண்டிக்காரர் டிவியில் என்ன பார்க்கிறார் என்று எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

ஜனவரி 12

ஊர்க் கல்லறையில் ஒரு கல் பிரமிடு இருக்கிறது, உச்சியில் செம்பு ஒட்டகம். ஹாஜி அலி என்பவரின் நினைவிடம். 1850-களில் அமெரிக்க ராணுவம் இந்தப் பாலையில் மூட்டை சுமக்க ஒட்டகங்களைக் கொண்டுவந்தபோது, ஓட்டத் தெரிந்தவர்களையும் கூடவே கப்பலேற்றி வந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர். அந்தத் திட்டம் உள்நாட்டுப் போரோடு போயிற்று. ஹாஜி அலி இங்கேயே தங்கி 1902-இல் காலமானார். அவர் பெயர் உள்ளூர் வாயில் "ஹை ஜாலி" ஆகிவிட்டது, கல்வெட்டிலும் அதுதான். பிழைக்க வந்தவன் பெயரை அந்த ஊர் தன் வாய்க்கு வசதியாக மாற்றிக்கொள்வது அன்றைக்கே இருந்திருக்கிறது. அலுவலகத்தில் முப்பது வருஷம் என் பெயரின் முதல் மூன்று எழுத்தோடு காலம் தள்ளியவள் நான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜனவரி 14, கோஃபா வனவிலங்குக் காப்பகம்

பொங்கல். நெடுஞ்சாலை 95-இல் தெற்கே 18 மைல், அப்புறம் கிழக்கே மண் சாலை. அலமாரியில் இருந்த தட்டெல்லாம் தாளம் போட, நடை வேகத்தில் ஊர்ந்து வந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு வண்டி இரண்டே இரண்டு.

காலையில் வெளியே மடக்கு மேசை போட்டு, கேஸ் அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்துப் பானை ஏற்றினேன். காற்று விடுவேனா என்றது. பால் பொங்க அரைமணிக்கு மேல் ஆயிற்று. கரும்பு இல்லை, மஞ்சள் கொத்து இல்லை. வெல்லமும் முந்திரியும் மிச்சிகனிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். சூரியனுக்கு மட்டும் குறைவில்லை.

எங்கள் நன்னீர்த் தொட்டி 40 கேலன், ஏறக்குறைய 150 லிட்டர். இதில்தான் சமையல், குளியல், பாத்திரம், கழிவறை எல்லாம். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, வினிகர் கலந்த தண்ணீரைப் பீய்ச்சி, மறுபடி துடைத்து, கடைசியில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர். குளிக்கும்போது வெந்நீர் வரும்வரை ஓடும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு வைத்துக்கொள்வது. ராமநாதபுரம் பக்கம், லாரி வரும் நாளுக்குக் குடங்களை வரிசையில் போட்டு வளர்ந்தவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னை மாநகரில் திறந்த குழாயோடு வளர்ந்த இவருக்குத்தான் பாடம் நடக்கிறது.

மத்தியானம் பாம் கேன்யன் பள்ளத்தாக்கு. பாதை அரை மைல்தான், ஆனால் உருளும் கல். மேலே போனதும் எதிர்ச்சுவரில் ஒரு குறுகிய வெடிப்பு; அதற்குள் பனைகள்! கலிபோர்னிய விசிறிப்பனை. காய்ந்த ஓலைகளை உதிர்க்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்கின்றன. அந்த வெடிப்புக்குள் வெயில் விழுவதே உச்சிவேளையில் கொஞ்ச நேரம்தான், அதனால் அந்த நேரம் பார்த்துப் போனால்தான் நன்றாகத் தெரியும். பனியுகத்தில் இங்கே ஈரம் அதிகமாக இருந்தபோது பரவியிருந்தவற்றின் மிச்சம் இவை என்பது ஒரு கருத்து. நிழலும் பாறைக்கசிவும் இருக்கிற இடத்தில் மட்டும் தங்கிப்போயிருக்கின்றன. கள்ளும் இல்லை, நுங்கும் இல்லை. ஏறுவதற்கு ஆளும் இல்லை.

காட்டு ஆடு கண்ணில் படவில்லை. பெருங்கொம்பு ஆடுகளைக் காப்பதற்காகத்தான் 1939-இல் இந்தக் காப்பகத்தையே ஏற்படுத்தினார்கள். எங்களை அவை பார்த்திருக்கும்.

ஜனவரி 17, ஆஹோ

யூமா வழியாக நாள் முழுக்கப் பயணம். யூமாவைச் சுற்றி மைல் கணக்கில் பச்சை: லெட்யூஸ், கீரை வகைகள். குளிர்காலத்தில் இந்த நாடு தின்னும் இலைக் காய்கறிகளில் பெரும்பங்கு இங்கே விளைகிறது, கொலராடோ ஆற்றுத் தண்ணீரில். மழை வருஷத்துக்கு எட்டு சென்டிமீட்டர்கூட ஒழுங்காகப் பெய்யாத ஊர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாய்க்கால் குறுக்கிட, நான் காலையில் முகம் கழுவிய தண்ணீரை எண்ணிப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆஹோ தாமிரச் சுரங்க ஊர். சுரங்கம் 1985-இல் மூடியாயிற்று. வெள்ளை வளைவுகளும் பனைமரச் சதுக்கமும் மிச்சம். தண்ணீரும் கேஸும் நிரப்பிக்கொண்டோம்.

ஜனவரி 18, ஆர்கன் பைப்

மெக்சிகோ எல்லையை ஒட்டிய தேசிய நினைவுப் பூங்கா. முகாமில் 208 இடங்கள் இருந்தும் நெருக்கடி தெரியவில்லை, ஒவ்வொரு இடத்துக்கும் நடுவே கள்ளியும் புதருமாக விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரம் மட்டும். குவார்ட்சைட்டுக்குப் பிறகு காது குளிர்ந்தது.

இந்தப் பூங்காவுக்குப் பெயர் கொடுத்த கள்ளி அடியிலிருந்தே இருபது முப்பது கைகளாகக் கிளம்புகிறது. மெக்சிகோவில் இது சாதாரணம். அமெரிக்காவுக்குள் கூட்டமாக இருப்பது இங்கே மட்டும். உறைபனி ஆகாது. அதனால்தான் மலையில் தெற்குப் பார்த்த சரிவாகத் தேடி ஏறியிருக்கிறது. பகலில் வெயில் வாங்கிய பாறை இரவில் கொஞ்சம் சூடு தரும். வண்டியைத் தெற்குப் பார்த்து நிறுத்த நாங்கள் அரைமணி நேரம் முன்னும் பின்னும் ஓட்டியதும் இதே காரணத்துக்குத்தான். ஜனவரி நடுவில் உச்சிச் சூரியனே இங்கே சுமார் 37 பாகைதான் ஏறுகிறது. கூரையில் படுத்திருக்கும் சோலார் பேனலைச் சாய்த்து நிமிர்த்தினால் பாட்டரி மத்தியானத்துக்குள் நிறைகிறது, இல்லாவிட்டால் சாயங்காலம் வரை இழுக்கிறது.

பக்கத்து வண்டிப் பெரியவர் கனடாவின் சஸ்காச்சுவானில் கோதுமை விவசாயி. மகனிடம் நிலத்தை ஒப்படைத்துவிட்டு ஒவ்வொரு குளிர்காலமும் இங்கேதானாம். வந்த உடனே வந்து சொன்னார்: "ராத்திரி எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிடுங்கள். இருட்டாகவும் கதகதப்பாகவும் இருந்தால் எலி உள்ளே கூடு கட்டும், ஒயரைக் கடித்துவிடும்." சுற்றிப் பார்த்தேன். எல்லா வண்டியும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

ஜனவரி 20

புல் பாஸ்ச்சர் நடை. போய்வர மூன்று மைலுக்குச் சற்று அதிகம், ஆனால் ஏற்றம் முழங்காலைக் கேட்கிறது. பழைய மாட்டுப்பண்ணைக்காரர்கள் மந்தையை மேய்த்த மேட்டுச் சமவெளி மேலே. அங்கிருந்து பார்த்தால் மெக்சிகோவுக்குள் மடிப்பு மடிப்பாக மலைகள்.

வழியெங்கும் சவாரோ கள்ளி. இதை உலர்ந்த காலத்தில் பார்த்தால் உடம்பில் உள்ள மடிப்புகள் ஆழமாக, ஒடுங்கி இருக்கும். மழை பெய்து வேர் குடித்ததும் துருத்தி விரிந்த மாதிரி உடம்பு பருக்கும். வேர் ஆழமாகப் போவதில்லை, பரவலாக மேலாகவே ஓடுகிறது, விழுகிற மழையை மண் குடிக்கும் முன் பிடித்துக்கொள்ள. முதல் கை முளைக்கவே ஐம்பது அறுபது வருஷம், இடம் வறண்டதாக இருந்தால் இன்னும் மேலே. குஞ்சாக இருக்கும்போது பாலோ வெர்டே மரத்தடி நிழல் வேண்டும். இன்று மடிப்புகள் எல்லாமே ஒட்டிப்போய்த்தான் இருந்தன. மழையைக் கண்டு மாதங்கள் ஆகின்றன என்றார் வழியில் வந்த ரேஞ்சர்.

இறங்கும்போது இவர் கெண்டைக்காலில் சோய்யாக் கள்ளி. கரடிப்பொம்மை என்று செல்லப்பெயர், வெயிலில் பஞ்சு உருண்டையாகத்தான் தெரிகிறது. கிட்டே போனால் ஒவ்வொரு முள்ளிலும் கண்ணுக்குத் தெரியாத பின்நோக்கிய கொக்கிகள். எலுமிச்சம்பழ அளவு ஒரு துண்டு, உரசினதும் கழன்று ஒட்டிக்கொண்டது. கையால் எடுக்கப் போனார். "அய்யோ, தொடாதீங்க!" என்று கத்தினேன். தொட்டிருந்தால் காலோடு கையும் சேர்ந்திருக்கும். பையிலிருந்த சீப்பை எடுத்து, தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே பல்லைச் செருகி, வெளிப்பக்கமாக ஒரு சுண்டு. உருண்டை பறந்து ஒரு பாறைமேல் விழுந்தது. மிச்சம் நின்ற முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கும்போது தோல் கூடாரம் போல எழும்பி எழும்பி வந்தது. இந்தச் செடி பரவுவதே இப்படித்தான்: யார் மேலாவது ஏறிப்போய், விழுந்த இடத்தில் வேர் விடும். சீப்பு இல்லாமல் இந்தப் பக்கம் நடக்க வரவே கூடாது.

ஜனவரி 21

விடியற்காலை மைனஸ் இரண்டு. ஹீட்டர் கேஸில் எரிந்தாலும் அதன் விசிறி பாட்டரியைத்தான் தின்கிறது. லித்தியம் பாட்டரி உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏறக்கூடாது என்பதால் அதை வண்டிக்குள்ளேயே, கட்டிலடியில் வைத்திருக்கிறோம். எட்டரைக்கு வெயில் வந்தது. அதுவரை போர்வைக்குள்ளேயே காப்பி.

ஜனவரி 23

எங்கள் வண்டிக்குத் தெற்குப் பக்கத்து மண் சாலைகள் சரிப்படாது. கனடாக்காரப் பெரியவர் தன் டிரக்கில் கிட்டோபாகிட்டோ ஊற்றுக்கு அழைத்துப் போனார்.

எல்லைச் சுவரை ஒட்டியே சாலை. சுமார் 30 அடி உயர இரும்புத் தூண்கள், இடையிடையே நாலங்குலச் சந்து, அந்தப்பக்கம் மெக்சிகோ நெடுஞ்சாலையில் லாரிகள். சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குளம். பாறையிலிருந்து கசியும் நீர் சின்ன வாய்க்காலில் ஓடி அதில் விழுகிறது. வாய்க்காலில் விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். இந்த இனம் அமெரிக்க மண்ணில் இயற்கையாக இருப்பது இந்த ஒரு ஊற்றில்தான். ஓதாம் பழங்குடியினருக்கு இது முன்னோர் இருந்த இடம். கடலுக்கு உப்பெடுக்கப் போகிற யாத்திரைப் பாதையும் இந்த வழிதான். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். நானும் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தேன், முள்ளை நினைத்து விட்டுவிட்டேன்.

கரையில் முள் மரங்கள். இலை கொட்டியிருந்தன. பட்டை, கிளை வளைவு, முள் ஜோடி ஜோடியாக நிற்கிற விதம்... "இது சீமைக் கருவேலம்லா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெரியவர் "மெஸ்கீட்" என்றார். ரெண்டும் சரி. நம் ஊர்ச் சீமைக் கருவேலமும் இதுவும் நெருங்கிய சொந்தம், இரண்டுக்கும் தாய்வீடு இந்தக் கண்டம்தான். விறகுக்கு ஆகும் என்று கொண்டுபோய் விதைத்தார்கள். கண்மாய், வயல், ஊருணி என்று எங்கள் மாவட்டத்தையே வளைத்துப்போட்டது. 2017-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. எங்கள் பெரியப்பா அதைத் திட்டாத நாள் இல்லை, அதன் கரிமூட்டத்தில்தான் மகளுக்குக் கல்யாணமும் பண்ணினார்.

இங்கே அதற்கு இருக்கிற மரியாதையே வேறு. டூசான் பக்கம் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது இதன் வேர் 50 மீட்டருக்கும் கீழே கிடைத்ததாம். இங்கே அதன் காயை அரைத்து மாவாக்கிப் பஞ்ச காலத்தைத் தாண்டியிருக்கிறார்கள். அதன் நிழலில் சவாரோக் குஞ்சு வளர்கிறது. இங்கே அதற்கு வரம்பு போட ஆயிரம் எதிரிகள்: விதையைத் துளைக்கும் வண்டு, உறைபனி, மழையில்லாத வருஷங்கள். நம் ஊருக்கு மரத்தை மட்டும் ஏற்றி அனுப்பிவிட்டு எதிரிகளை இங்கேயே விட்டுவிட்டார்கள்.

ஜனவரி 26, டூசான்

ஓதாம் நிலம் வழியாக நெடுஞ்சாலை 86-இல் வந்தோம். இன்றைக்கு முகாமில் கரண்டும் குழாயும் உண்டு. கழிவுத்தொட்டி காலி செய்ய வரிசையில் முக்கால் மணி நேரம். இவர் கையுறையோடு இறங்கினார், அது அவர் இலாகா. நான் பத்து நிமிடம் முழுதாகக் குளித்தேன், வாளி வைக்காமல்.

சான் சேவியர் பக்கத்தில் மெஸ்கீட் மாவு கிடைத்தது. மாநிறம், மோந்து பார்த்தால் வறுத்த கருப்பட்டி வாசனை. கேழ்வரகு மாவில் கால் பங்கு கலந்து, வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு அடை வார்த்தேன். இனிப்பு இருப்பதால் சீக்கிரம் கருகும், தீயைத் தணித்தே வைக்க வேண்டும். மூன்றாவது அடை பதமாக வந்தது. வெங்காயத்துக்குப் பதில் தேங்காய்ப்பல் போட்டால் இன்னும் எடுபடும், நாளைக்குப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ராமநாதபுரத்திலிருந்து உடனே போன்.

"ஏட்டி, அத ஆடுல திங்கும்!"

பின்னாலிருந்து இவர், "அதுக்கென்ன, இன்னொண்ணு போடு" என்று தட்டை நீட்டினார்.