ரவி வர்மா படத்துக்கு விலை போட மூன்று நடை: சர்டிபிகேட் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓவியர் ரவி வர்மாவின் லட்சுமி அச்சுப்படம் அபூர்வமில்லை. பாகப்பிரிவினைக்காக அப்படி ஒரு பழைய லட்சுமியையும், 'ஒரிஜினல்' என்ற சர்டிபிகேட்டோடு வாங்கிய சரஸ்வதி கேன்வாஸ் ஒன்றையும் மதிப்பீட்டுக்குத் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு மூன்று நடை ஆனது. இனி போகிறவர்களுக்காவது இரண்டு நடை மிஞ்சட்டும்.

முதல் தடவை கைபேசியில் எடுத்த போட்டோக்களோடு போனோம். நேரில் பார்க்காமல் எதுவும் எழுதித் தர முடியாது என்றார்கள். அது நியாயம்தான், கண்ணாடிக்கு மேலே எடுத்த போட்டோவில் அச்சுப் புள்ளி தெரியாது. இரண்டாம் தடவை மரச் சட்டத்தோடு (பிரேமோடு) தூக்கிக்கொண்டு போனால், "சட்டத்தை நாங்கள் கழற்ற மாட்டோம்" என்று கவுண்டரில் இருந்தவர் திருப்பி அனுப்பிவிட்டார். முந்தின நாள் போனில் கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். கழற்ற வேண்டுமா என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

கழற்றும்போதுதான் சேதம் வரும். இந்த ஊர் ஈரத்துக்குப் படத்தின் மேல் இருக்கும் வார்னிஷ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்க ஆணிகளைக் குறட்டால் எடுத்து, பலகையை நீக்கியபின் தாள் தானாக விலகவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியோடு சேர்த்தே கொண்டுபோனால் போதும். பிரேம் கடையில் அவசரப்பட்டு இழுத்ததில் கீழ் மூலையில் நகம் அளவுக்கு வண்ணம் பெயர்ந்துவிட்டது. அது மதிப்பீட்டுத் தாளில் சேதம் என்று ஏறியது. இன்னும் மனசு ஆறவில்லை.

சட்டத்தின் விளிம்புக்கு அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். என்றைக்கோ சட்டத்துக்குள் அடக்குவதற்காகக் கீழ் ஓரத்தையே வெட்டியிருந்தார்கள். பெயர் போனதால் படம் போலி ஆகிவிடாது, விலைதான் குறையும். பெயர் இருந்தாலும் அதை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது. ரவி வர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், பின்பு லோனாவாலா அருகே மளவலிக்குப் போய், ஜெர்மன்காரர் ஒருவர் கைக்கு மாறியது. 1906-ல் ரவி வர்மா இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் அதே பெயரில் அச்சிட்டது. பிற ஓவியர்களின் படங்களும் அங்கே அச்சாகின.

மூன்றாம் தடவை உள்ளே விட்டார்கள். அங்கே செய்த சோதனைகளில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸை முகத்தின் மேல் வையுங்கள். ஒரே சீரான புள்ளிகள் சின்னப் பூ வட்டங்களாக அடுக்கியிருந்தால் ஆஃப்செட் என்னும் இயந்திர அச்சு. சிவகாசிக் காலண்டரில் பார்ப்பது அதுதான். தூவானம்போல ஒழுங்கில்லாத நுண்துளிகள் என்றால் கம்ப்யூட்டர் பிரிண்டரின் இங்க்ஜெட். கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுக்கும் பழைய கல்லச்சில் புள்ளிகள் கையால் வைத்தவை, பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல் என்பதால், சேலைக்கரை போன்ற இடங்களில் ஒரு வண்ணம் மயிரிழை விலகி நிற்கும். எங்கள் லட்சுமியில் அந்த விலகலைக் கண்டதும்தான் மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை இருட்டில் தாளின் பின்பக்கம் அடித்தார். பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால், 1950-ஐ ஒட்டித் தாளில் பரவலாகச் சேர்க்கத் தொடங்கிய வெண்மையூட்டி அதில் இருக்கிறது என்று பொருள். ஒளிராததால் மட்டும் பழசு என்று முடிவுகட்டக் கூடாது. வெண்மையூட்டி இல்லாத புதுத் தாளும் கிடைக்கிறது.

சரஸ்வதியின் சர்டிபிகேட்டில் ஹாலோகிராம், முத்திரை, 112/500 என்ற எண் (500 பிரதியில் 112-ஆவது), 'ஒரிஜினல்' என்ற சொல், எல்லாம் இருந்தன. அளவு, தாள், அச்சுமுறை, அச்சிட்ட ஆண்டு, அச்சிட்டவர் பெயர் ஒன்றும் இல்லை. எந்தப் படத்துக்கும் பொருந்தும் காகிதம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ரவி வர்மா படங்களுக்கு இப்போது காப்புரிமை இல்லை, யாரும் அச்சிடலாம். 500 பிரதி என்பதும் அந்த ஒரு அளவுக்கு மட்டுமாக இருக்கலாம். வேறு அளவில் இன்னொரு 500 வரும். ஓவியரின் கையெழுத்தும் படத்தோடு சேர்ந்து அச்சானதுதான். லென்ஸில் நுண்துளிகள் தெரிந்தன, அலங்காரப் பொருள் என்று எழுதினார்கள். சர்டிபிகேட் இல்லாத லட்சுமிக்குத்தான் பழைய கல்லச்சு என்ற குறிப்பு கிடைத்தது.

மதிப்பீடு எதற்கு என்பதை முதலிலேயே சொல்லுங்கள். காப்பீட்டுக்குப் போடும் தொகையும் விற்றால் கையில் வரும் தொகையும் ஒன்றல்ல. எங்களுக்கு முதலில் காப்பீட்டுத் தொகையை எழுதிவிட்டார்கள். பாகப்பிரிவினைக்கு என்று மாற்றி, தேதியோடு வாங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் படத்தைச் சுருட்டவே வேண்டாம், வார்னிஷ் வெடித்துவிடும். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, வெளியே நாடா கட்டுங்கள். படத்தின் பின்பக்கம் செலோடேப் படக் கூடாது.