நீச்சல் குளத்து அருவிச் சுவரை மாற்றிக் கட்டிய அனுபவம்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் நீச்சல் குளத்தின் உள்பூச்சு ஆங்காங்கே உரிந்துவிட்டதால் புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கினோம். அதோடு சேர்த்து, ஒரு முனையில் நின்ற அருவிச் சுவரையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். 120 செ.மீ. உயரம், மேலே ஒட்டிய கற்கள், மூன்று குழாய்களிலிருந்து விழும் தண்ணீர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஓடவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது. கல் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டே இருந்தது. தேய்த்துக் கழுவினாலும் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

அந்த உப்பை வெறும் அழுக்கு என்றே பல நாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கான அடையாளம். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. காற்று பட்டதும் அது வெள்ளைப் படிவமாக இறுகிவிடுகிறது.

சந்தேகத்தைத் தீர்க்க, இடிப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்தேன். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படிக்கட்டில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டேன். அருவியை நிறுத்திவைத்த 24 மணி நேரத்தில் இரண்டு மட்டமும் ஒரே அளவுதான் இறங்கின. அடுத்த 24 மணி நேரம் அருவியை ஓடவிட்டபோது, குளத்து மட்டம் வாளியைவிட 11 மி.மீ. கூடுதலாக இறங்கியது. எங்கள் குளம் 8 மீட்டருக்கு 4 மீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்குச் சுமார் 350 லிட்டர்! தெறிப்பதிலும் ஆவியாவதிலும் கொஞ்சம் போயிருக்கும். ஆனால் சுவருக்குப் பின்னால் மண் சொதசொதவென்று கிடந்ததைப் பார்த்த பிறகு மீதி எங்கே போனது என்பதில் சந்தேகம் இல்லை. உங்கள் குளத்திலும் தண்ணீர் குறைகிறது என்றால், யாரையும் கூப்பிடுவதற்கு முன் இந்த வாளிச் சோதனையைச் செய்துபாருங்கள்.

அப்புறம் வடிவமைப்பு. எனக்கு 180 செ.மீ. அகலத்துக்குக் கண்ணாடித் தகடு போல ஒரே விரிப்பாகத் தண்ணீர் விழ வேண்டும் என்று ஆசை. படம்கூட வரைந்துவிட்டேன். ஆனால் அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். விளிம்பில் 10 மி.மீ. கனத்துக்குத் தண்ணீர் நின்று வழிய வேண்டுமென்றால், 90 செ.மீ. அகலத்துக்கே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 லிட்டர் தேவை. 180 செ.மீ.க்கு அதில் இரண்டு மடங்கு. எங்கள் பழைய குழாய்கள் ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன்: 27, 26, 28 விநாடிகள். மூன்றையும் கூட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 133 லிட்டர். இதை வைத்து 180 செ.மீ. அகல அருவி கட்டியிருந்தால் விரிப்பு மெலிந்து, நடுவில் கிழிந்து, இழை இழையாகத்தான் விழுந்திருக்கும். பெரிய பம்ப், அதற்கேற்ற பெரிய குழாய் என்று போக மனம் வரவில்லை. அகலத்தை 90 செ.மீ. ஆக்கினேன்.

உயரத்தையும் பாதியாக, 60 செ.மீ.க்குக் குறைத்தோம். சத்தம் குறைந்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். உயரம் பாதியானால் ஒவ்வொரு லிட்டரும் கொண்டுவந்து மோதும் ஆற்றலும் பாதியாகிவிடுகிறது. காற்றடிக்கும்போது தண்ணீர் குளத்துக்கு வெளியே பறப்பதும் அதிகம் இல்லை.

குளத்தைக் காலி செய்யும் வேலையை மழை இல்லாத நாட்களில் வைத்துக்கொண்டோம். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது காலி செய்தால் வெறும் தொட்டியைக் கீழிருந்து தூக்கிவிடும் ஆபத்து உண்டு.

கற்களைப் பெயர்த்ததும் வண்டவாளம் தெரிந்தது. கல்லுக்குப் பின்னால் நீர்த்தடுப்புப் பூச்சே இல்லை. சுவரும் குளத்து விளிம்பும் சேரும் இடத்தில் நீளமாக விரிசல். விரிசலை ஆழமாக வெட்டி, சுருங்காத கலவையால் அடைத்தோம். மூலைகளில் வலைத்துணி வைத்து, இரண்டு கை நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம். முதல் கை கிடைமட்டமாக, இரண்டாவது கை செங்குத்தாக. சுவரின் உச்சியில், தண்ணீர் நிரம்பி விளிம்பில் வழிவதற்காக இருக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி 48 மணி நேரம் வைத்துப் பார்த்த பிறகுதான் டைல் ஒட்ட அனுமதித்தேன். வேலை தள்ளிப்போகிறது என்று ஒப்பந்தக்காரருக்கு வருத்தம். ஆனால் இந்த இரண்டு நாளை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். டைல் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும்.

சுவருக்கு டைலும், வழியும் விளிம்புக்குக் கிரானைட் பலகையும் எடுத்தோம். முதலில் பிடித்திருந்த கல் மீது இரண்டு சொட்டு வினிகர் விட்டதும் நுரைத்தது. சுண்ணாம்புக் கல். குளத்துத் தண்ணீரைச் சரிசெய்ய அமிலம் ஊற்றுகிறோமே, அந்தத் தண்ணீர் தினமும் ஓடும் இடத்தில் அது நாளாக ஆகக் கரைந்துபோகும்.

விளிம்புக் கல்லைச் சுவரிலிருந்து 5 செ.மீ. வெளியே நீட்டி, அடிப்பக்கத்தில் முழு நீளத்துக்கும் ஒரு காடி, அதாவது மெல்லிய பள்ளம், வெட்டச் சொன்னேன். காடி இல்லையென்றால் பம்ப் வேகம் குறையும்போது தண்ணீர் கல்லின் அடியைப் பிடித்துக்கொண்டு, சாய்த்த பாத்திரத்தின் வாயிலிருந்து வழிவது போலச் சுவரோடு இறங்கிவிடும்.

இவ்வளவும் செய்து முதல் தடவை ஓடவிட்டபோது இடப்பக்கம் கனமாக விழுந்தது. வலப்பக்கம் கிழிந்து தொங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொத்தனார் ரசமட்டத்தை வைத்துக் காட்டி, “மட்டம் சரியாத்தாங்க இருக்கு” என்றார். அது ஒரு முழ நீளம்கூட இல்லாத மட்டம். பம்பை நிறுத்தி, தொட்டியில் தண்ணீர் அசையாமல் நிற்கவிட்டுப் பார்த்தோம். இடப்பக்க முனை 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. வழியும் தண்ணீரின் கனமே 12 மி.மீ.தான் என்னும்போது 3 மி.மீ. சின்ன விஷயம் இல்லை. ஒரு முனையில் விழும் தண்ணீர் மறுமுனையைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடுகிறது. “சரிங்க, எடுத்துட்டு மறுபடி வச்சிடலாம்” என்று அவரே சொன்னார். இரண்டாவது முறை நிற்கும் தண்ணீரையே மட்டமாக வைத்துக் கல்லை உட்காரவைத்தார். கூடவே, தொட்டிக்குள் தண்ணீர் வரும் குழாயின் வாயை அடைத்து, நீளத்துக்கும் துளைகள் போட்டோம். இல்லையென்றால் தண்ணீர் வந்து மோதும் இடத்தில் மட்டும் விரிப்பு தடித்துவிடும்.

இப்போது அருவி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரே தகடாக விழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து குரல் உயர்த்தாமல் பேசுகிறோம். ஒன்று மட்டும் எதிர்பார்க்கவில்லை: அருவி ஓடும் நாட்களில் தண்ணீரின் பி.எச். (அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு) சீக்கிரம் ஏறுகிறது. தண்ணீர் காற்றோடு கலந்து விழும்போது கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறிவிடுவதுதான் காரணம். அதனால் மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் ஓடவிடுகிறேன், வாரம் இரண்டு முறை பி.எச். பார்க்கிறேன். விளிம்பில் சுண்ணாம்புக் கோடு விழ ஆரம்பித்தால் அன்றைக்கே துணியால் துடைத்துவிடுகிறேன். வாளிச் சோதனையையும் திரும்பச் செய்தேன். அருவி ஓடிய நாளில் வித்தியாசம் 2 மி.மீ. பின்பக்க மண் காய்ந்து கிடக்கிறது.